சீர்த்தட்டில் வைத்த லேப்டாப்

இரண்டு வருடத்துக்கு முந்தைய வைகாசி மாதம் அது. திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர், என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். அங்கே அவர்கள் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, ஊரும் உறவும் கூடியிருந்த பந்தலில், நான் கொண்டுபோன சீரில் இருந்த ஒரே ஒரு பொருளால் எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் விழுந்த கீறல் இன்றுவரை ஆறவில்லை. யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. எழுதினாலாவது மனது கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

எனக்கு அருப்புக்கோட்டையில் மாட்டுத் தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு வியாபாரம். எங்கள் பக்கம் மழை தப்பினால் ஜனங்கள் முதலில் மாட்டைத்தான் விற்பார்கள். மாடு போனால் என் கடையில் மூட்டை நகராது. அந்த வருடம் அப்படித்தான் இருந்தது. படிப்பு எனக்கு எட்டாவதோடு நின்றுவிட்டது. அப்பா தவறியபோது தங்கை சின்னப் பிள்ளை. அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தேன். நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டில் நிலபுலம் உண்டு. எங்களைவிட ஒரு படி மேலான குடும்பம். அந்த ஒரு படிதான் அவளுக்குப் பாரமாகப் போயிற்று.

அந்த வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். மூத்தவள் என் தங்கை. இளையவள் மதுரைக்காரி, அவளுடைய அப்பாவுக்குப் பெரிய இரும்புக் கடை. தீபாவளி, பொங்கல், காதுகுத்து என்று எது வந்தாலும் இரண்டு பிறந்த வீட்டுச் சீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். குறைவாக இருந்தால் நேரடியாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூத்த மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு "அருப்புக்கோட்டைக்காரி" என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். அது ஒரு வாரமும் ஓடும், ஒரு மாதமும் ஓடும். என் சீர் நிறைந்திருந்தால்தான் என் தங்கைக்கு அந்த வீட்டில் பெயர் இருக்கும்.

ரோட்டோரத்தில் இருந்த புஞ்சைக் காட்டை விற்ற காசில் அவர்கள் மாடி வைத்த வீடு கட்டினார்கள். பால் காய்ச்ச நாள் குறித்ததும் தங்கை போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, சின்னவ வீட்ல இருந்து ரெண்டு கதவு ஃப்ரிட்ஜு வருதாம்ணே. நாம வெறும் குத்துவிளக்கும் குடமும் வச்சா எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு."

என்ன செய்யலாம் என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் யோசித்து வைத்திருந்தாள். அவளுடைய மகளுக்கு மதுரையில் இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு ஒரு லேப்டாப் வேண்டும். அதையே சீர்த்தட்டில் வைத்துவிட்டால் சபைக்கும் ஆயிற்று, பிள்ளைக்கும் ஆயிற்று. புதுசாக வாங்க என்னால் முடியாது என்று அவளுக்கே தெரியும். அதற்கும் வழி வைத்திருந்தாள். லேப்டாப் செய்கிற கம்பெனிக்காரர்களே மதுரையில் ஒரு கடை வைத்திருக்கிறார்களாம். வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தது, சின்னப் பழுது வந்தது, கடையில் காட்சிக்கு வைத்திருந்தது, இதையெல்லாம் கம்பெனியே எடுத்துச் சரிசெய்து, சோதித்து, ஒரு வருட வாரண்டி போட்டுப் பாதி விலைக்குச் சற்று மேலே கொடுக்கிறார்களாம். அவள் மகள்தான் போனில் பார்த்துக் கண்டுபிடித்தாளாம்.

"ரிஃபர்பிஷ்டுன்னு பேராம்ணே. புதுசுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாதாம். ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும். இங்க யாருக்கும் தெரிய வேணாம்."

சரி தாயி என்றேன். என் நிலைமை தெரிந்து, என்னைக் கஷ்டப்படுத்தாமல் ஒரு வழி தேடியிருக்கிறாளே என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது உண்மை.

என் மனைவிக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. "புது வீட்டுக்கு முதல் முதலாப் போற பொருளு. புதுசா இல்ல இருக்கணும்?" என்றாள். எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. ஒருவர் புழங்கிய பொருளைப் பால் காய்ச்சுகிற அன்று உள்ளே கொண்டு போவதில்லை என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு மனதுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. கும்பாபிஷேகம் முடிந்த கோயிலை யாராவது பழைய கோயில் என்று சொல்கிறார்களா? கல் பழைய கல்தான், கோபுரம் பழைய கோபுரம்தான். ஆனால் கலசத்துத் தண்ணீர் மேலே விழுந்துவிட்டால் எல்லாம் புதுசு. செய்தவனே பிரித்து, சுத்தம் பண்ணி, மறுபடி கட்டிக் கொடுத்த பொருளும் அது மாதிரிதானே? மனைவியிடம் இதைச் சொன்னேன். "கோயிலும் லேப்டாப்பும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறிப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ந்த கடை. முன்பக்கம் எல்லாம் புதுசு. பின்சுவரோரம் ஒரு அலமாரியில் நமக்கு வேண்டியது. அங்கே நின்ற பெண் பிள்ளை பொறுமையாக எல்லாம் விளக்கியது. எதையும் மறைக்கவில்லை. பேட்டரி புதிதாக மாற்றியிருக்கிறது, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டோம், மூடியின் ஓரத்தில் ஒரு முடியளவு கீறல் இருக்கிறது, பாருங்கள் என்று தானே விளக்கில் சாய்த்துக் காட்டியது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஒன்றுதான் குறை. பொருளை வெறும் பழுப்பு அட்டைப் பெட்டியில் வைத்தது.

"படம் போட்ட பெட்டி இல்லையாம்மா? சபையில வைக்கணும்."

"இதெல்லாம் இந்தப் பெட்டியிலதான் சார் வரும். புதுசோட கலந்துடக் கூடாதுல்ல" என்றது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அந்தப் பெட்டியைச் சுற்றிச் சிவப்புப் பட்டுத்துணி கட்டினாள். மனது ஒப்பாவிட்டாலும் செய்கிற வேலையை அழகாகச் செய்வாள். முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, சூடம் காட்டினோம். அந்தச் சமயம் நான் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போவதற்காக மாலை போட்டிருந்தேன். வருடா வருடம் போவது வழக்கம். மாலை கழுத்தில் இருக்கும் வரை பச்சை வேட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை. சின்னப் பொய்கூடச் சொல்வதில்லை. கடையில் எடை நிறுக்கும்போதுகூடத் தட்டு ஒரு விரல் தாழ்ந்தே இருக்கும். மற்ற மாதங்களில் நான் அப்படியொன்றும் அரிச்சந்திரன் இல்லை. அந்த நாட்களில் மட்டும் பயம். அந்தப் பயம்தான் என்னை ஒரு மனிதனாக வைத்திருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

விழா அன்று சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேராக ஒரு வேனில் போனோம். ஊர் எல்லையில் இறங்கி, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, மேளத்தோடு சீர் கிளம்பியது. பெண்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அரிசி, உப்பு, மஞ்சள், பழம், பட்டு, வேட்டி, குத்துவிளக்கு, பித்தளைக் குடம். கடைசித் தட்டில் லேப்டாப். அதை என் மனைவி ஏந்தியிருந்தாள். வாசலில் தங்கை ஆரத்தி எடுத்தாள். புதுப்புடவையில் அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. கடைசித் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சின்ன வயதில் நான் அவளுக்கு யாருக்கும் தெரியாமல் கம்மர்கட் மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் அப்படித்தான் சிரிப்பாள்.

பந்தலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கில் சீரை ஒவ்வொன்றாக வாசித்தார். மதுரை வீட்டு ஃப்ரிட்ஜ் முடிந்தது. எங்கள் முறை வந்தது. "மூத்த மருமகள் பிறந்த வீட்டுச் சீர், மடிக்கணினி ஒன்று" என்று அவர் சொன்னதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. நல்ல சலசலப்புதான். என் தங்கையின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் இருந்தவரிடம் "பேத்தி படிக்கிறாள்ல, அதுக்கு" என்று பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த நிமிடத்தோடு அந்த நாள் முடிந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் தம்பி, அதாவது அந்த மதுரைக்காரியின் புருஷன், எழுந்து வந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்ததை நாலு பேருக்கு முன்னால் காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் பார்க்கட்டும் என்று பட்டுத்துணியை அவிழ்த்தார். பழுப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க எடுத்தீக மச்சான்?"

"மதுரையில. கம்பெனிக் கடையில."

"கம்பெனிக் கடைன்னா, அந்த அவுட்லெட்டா?"

தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, இந்த மாதிரிப் பெட்டியில் புதுசு வராதே, ஆள் வாங்கித் திருப்பிக் கொடுத்ததைத்தானே இப்படி விற்பார்கள் என்றார். பேசாமல் இருந்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் கழுத்து மாலையைப் பார்த்தார்.

"சாமி மாலை போட்டிருக்கீக. பொய் சொல்ல மாட்டீக. நீங்களே சொல்லிருங்க மச்சான். இது புதுசா, ஆள் வச்சிருந்ததா?"

மைக் பிடித்திருந்த பெரியவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாசலில் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்தால் பொய் வந்துவிடும் என்று தோன்றியது. அதனால் அவளைப் பார்க்கவில்லை.

"புதுசு இல்ல மாப்ள. கம்பெனியே சரிபாத்துக் குடுத்தது" என்றேன்.

முதல் பாதி மைக்கில் போய்விட்டது. இரண்டாவது பாதி எழுந்த சலசலப்பில் யாருக்கும் கேட்கவில்லை. பந்தலின் பின்பக்கம் இருந்து யாரோ, "சீர்லயும் செகண்டு வந்துருச்சாப்பா, இனிமே பொண்ணு மாப்பிள்ளையும் அப்படித்தான்" என்றார்கள். சிரிப்பு ஒரு வரிசையில் இருந்து அடுத்த வரிசைக்கு ஓடியது. அத்தை நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"ஏப்பா, எவன் வச்சிருந்தான், எவன் கழிச்சுப் போட்டான்னு தெரியாத பொருள, பால் காய்ச்சின அன்னைக்கா உள்ள கொண்டாருவ? உங்க வீட்ல இதெல்லாம் சொல்லித்தர ஆளில்லையா?"

அப்போதுதான் தங்கையைப் பார்த்தேன். சபையில் அவள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. அத்தையை உள்ளே கூட்டிப் போயிருக்கலாம். சாப்பாடு ஆறுது என்று பேச்சை மாற்றியிருக்கலாம். ஒன்றும் இல்லை, தலையைக் குனிந்து நின்றிருந்தால்கூடப் போதும். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே, உன்னால முடியலைன்னா முடியலைன்னு சொல்லியிருக்கலாம்ல. இப்படியா கொண்டாந்து சபையில வைப்ப? எனக்குத் தெரிஞ்சிருந்தா வாசலோட நிறுத்தியிருப்பேன்."

சத்தமாகச் சொன்னாள். அத்தைக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாள்.

என் மனைவி வாயைத் திறந்தாள். அவள் கை மணிக்கட்டை இறுகப் பிடித்தேன். வளையல் உடைந்து அவள் கையில் குத்திய பிறகுதான் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீதானே தாயி வாங்கச் சொன்னாய் என்று கேட்டால் போதும். நான் சுத்தமாகிவிடுவேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் தங்கை எந்த முகத்தோடு இருப்பாள்? பிறந்த வீட்டோடு சேர்ந்து புகுந்த வீட்டை ஏமாற்றியவள் என்றுதானே ஆயுளுக்கும் பேசுவார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை. என் மருமகள், அதாவது தங்கையின் மகள், எல்லாம் தெரிந்த பிள்ளை, மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மேலே ஏறிப் போய்விட்டது.

மாப்பிள்ளைதான் வந்து, நடந்தது நடந்துபோச்சு, சாப்பிட வாங்க என்றார். பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பிடாமல் கிளம்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தமாகிவிடும். மாப்பிள்ளையின் தம்பி இலை போட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்று, "இலை புது இலைதான் மச்சான், தைரியமா உக்காருங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்களில் சீர் கொண்டுவந்த தட்டுகளை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வெற்றிலை, பழம், கொஞ்சம் சர்க்கரை வைத்துத்தான் கொடுப்பார்கள். கிளம்பும்போது வேனில் ஏறிப் பார்த்தால் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் முறைப்படி வெற்றிலையும் பழமும் இருந்தன. கடைசித் தட்டில் அவற்றோடு லேப்டாப்பும் இருந்தது. பட்டுத்துணியை மடித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். கொண்டுபோன சீர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதும் இல்லை.

வேன் கிளம்பியதும் என் மனைவி அழ ஆரம்பித்தாள். "உங்க தங்கச்சி சொல்லித்தான வாங்கினீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று வழியெல்லாம் கேட்டாள். வண்டியில் மற்ற சொந்தங்கள் இருந்ததால் அவளை அடக்க வேண்டியதாயிற்று. அவர்களும் என்னைத்தான் தப்பாக நினைத்திருந்தார்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

விசாகத்துக்கு வழக்கம்போல நடந்தேன். எட்டயபுரம் தாண்டி வெயிலில் கால் கொப்புளித்தபோதுகூட அந்தப் பந்தல் சிரிப்புதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் சன்னதியில் நின்றால் முதலில் தங்கைக்குத்தான் வேண்டுவேன், பிறகுதான் என் பிள்ளைக்கு. அந்த வருடம் கூட்டம் தள்ளித் தள்ளி என்னை முன்னால் கொண்டு நிறுத்தியது. முருகன் முகத்தைப் பார்த்தேன். அவள் பெயர் வாயில் வரவில்லை. கடலில் இறங்கித் தலை முழுகி எழுந்து, அப்புறமாவது வருமா என்று நின்றேன். வரவில்லை.

திரும்பி வந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மறுபடி மதுரைக்குப் போனேன். வீட்டில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மனது இல்லை. அதே பெண் பிள்ளை இருந்தது. என்னை ஞாபகம் வைத்திருந்தது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"என்ன குறை சார்?" என்று கேட்டது.

"குறை ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அது மூடியைத் திறந்து, பொத்தானை அமுக்கி, எல்லாம் ஓடுகிறதா என்று எனக்காகப் பார்த்தது. குறை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கக் கடையில் வழி இல்லை என்று வருத்தத்தோடு சொன்னது. அதன் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். என் மகன் அப்போது டிப்ளமா படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கொடுத்துவிட்டேன். இன்று வரை அது ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. மருமகளுக்கு அவள் சித்தப்பா புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

தங்கை அதற்குப் பிறகு போன் பண்ணினாள். மழை உண்டா, கடை எப்படிப் போகுது, மதினிக்கு மூட்டு வலி தேவலையா என்று கேட்பாள். அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் எடுக்கவில்லை. தீபாவளிக்குப் பணம் மட்டும் அனுப்பிவைத்தேன். ஆனால் பொங்கல் சீரை அப்படி அனுப்ப முடியாது. அண்ணன் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. மனைவி வர மறுத்துவிட்டாள். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, சேலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன்.

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை காட்டில் இருந்தார். தங்கை கொல்லைப்புறத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சீரை வாங்கி வைத்தாள். காபி கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புத்தாண்ணே" என்றாள்.

எட்டு மாதமாக நான் காத்திருந்தது அந்தச் சொல்லுக்குத்தான். பரவாயில்லை தாயி என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"ஆனா நீ ஏண்ணே ஒத்துக்கிட்ட? புதுசுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு சிரிச்சிட்டுப் போயிருப்பாரு. நான் அப்படிப் பேச வேண்டிய கதியே வந்திருக்காது."

"மாலை போட்டிருந்தேனே தாயி."

"ஆமா. உனக்கு மாலை பெருசாப் போச்சு."

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நான் கொண்டுவந்து வைத்த சேலையைக் கையில் எடுத்தாள். கரையைத் தடவிப் பார்த்தாள்.

"நான் இங்க வந்த நாள்ல இருந்து பொய்தாண்ணே சொல்றேன். நீ ஒரு சேலை வச்சா, ஆட்டுக்குட்டி வித்த காசைப் போட்டு அதை மாத்தி நல்ல சேலையா எடுத்து, எங்க அண்ணன் வச்சதுன்னு சொல்லுவேன். நீ வராத தீவாளிக்கெல்லாம் எங்க அண்ணன் குடுத்து விட்டதுன்னு சொல்லிக் காசு காட்டுவேன். உன் மரியாதைக்குத்தான். அதுக்கெல்லாம் எந்தச் சாமி என்னைய மன்னிக்குமோ தெரியாது. நான் யோசிச்சது இல்ல."

அந்த வீட்டில் இத்தனை வருடமாக எனக்குக் கிடைத்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் கடை நொடித்த வருடங்களில்கூட அத்தை என்னை வாசலுக்கு வந்து வரவேற்றது எப்படி என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சபையில் நீ என்னைத் தள்ளிவிட்டதும் உண்மைதானே என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்காமல் வந்ததற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் அவள் வந்தாள். வழியில் கருவேல மரத்து நிழலில் நின்று, "மதினியை அடுத்த தடவை கூட்டிட்டு வாண்ணே" என்றாள். சரி என்றேன். பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள் என்று மட்டும் தெரியும்.

இன்றைக்கும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்கிறது. கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். மாப்பிள்ளையின் தம்பி என்னைப் பார்த்தால் மரியாதையாகத்தான் பேசுகிறார். அவருக்கு அந்த நாள் ஞாபகம்கூட இருக்காது. என் மனைவி மட்டும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கூடப் பிறந்தவள் சபையில் என்னைக் கைவிட்டாள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுதான் பொய். எனக்காக அவள் எத்தனை பொய் சொல்லியிருப்பாள் என்று கணக்குத் தெரியாது. அவளுக்காக நான் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று முருகனிடம் கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.